அமைதிப் பேச்சுவார்த்தையில் பாலினம்: கல்லூரி வகுப்பில் எப்படி நடத்துவது?

போர் முடிந்து அமைதி ஏற்படுத்தும் முயற்சிகளில் எல்லாப் பாலினத்தவரையும் உள்ளடக்குவது எப்படி என்பதை இளங்கலை மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் பாடமாக நடத்த வேண்டும். எங்கே தொடங்கலாம், வகுப்பில் என்ன செய்யலாம், எப்படி மதிப்பெண் போடலாம் என்பதுதான் கேள்வி. 13 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 90 நிமிடம், 30 மாணவர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இந்தப் பாடம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே சறுக்கிவிடும். 'பெண்கள் இயல்பிலேயே அமைதியை விரும்புகிறவர்கள், அதனால் அவர்களையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட வேண்டும்' என்று ஆசிரியர் தொடங்குவார். மாணவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு 12 வாரமும் அதையே வேறு வேறு வாக்கியங்களில் எழுதித் தருவார்கள். ஆயுதம் ஏந்திய பெண்கள், போரை ஆதரித்த தாய்மார்கள், போருக்குப் போக மறுத்த ஆண்கள் என்று எவருக்கும் அந்தச் சட்டகத்தில் இடமில்லை. அதனால் மனப்பான்மையை ஒதுக்கிவைத்துவிட்டு விதிகளைக் கற்பியுங்கள். யார் எந்த விதிப்படி மேசையில் உட்கார்கிறார், எந்தச் சோதனையின்படி ஒருவர் 'போராளி' ஆகிறார், எதைப் போர்நிறுத்த மீறல் என்று பதிவு செய்கிறார்கள், நிலப் பட்டா யார் பெயரில் வருகிறது. பாலினம் வேலை செய்வது இந்த இடங்களில்தான். விதி காகிதத்தில் இருப்பதால் மாணவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், திருத்தியும் எழுதலாம்.

முதல் வகுப்புக்கு ஒரு துப்பாக்கி போதும்

கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'ஆயுதத்தை ஒப்படைக்கும் ஒவ்வொரு போராளிக்கும் அடையாள அட்டையும் மறுவாழ்வு உதவியும் வழங்கப்படும்.' இதில் ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல் கூட இல்லை. 'இதில் என்ன தவறு?' என்று கேட்டு, 10 நிமிடம் இருவர் இருவராகப் பேச விடுங்கள். பெரும்பாலோர் ஒன்றும் தவறில்லை என்பார்கள். அப்படிச் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டும்.

இனி, உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனுக்கு வாருங்கள். 1998 முதல் 2002 வரை அங்கே சுமார் 72,000 பேர் ஆயுதக் களைவுத் திட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் பெண்கள் 100க்கு 7 பேர் கூட இல்லை. படைகளில் பெண்கள் இல்லாமல் இல்லை. சண்டை போட்டவர்கள், சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள், உளவு பார்த்தவர்கள், கடத்தி வரப்பட்டு தளபதிகளின் 'மனைவி' ஆக்கப்பட்டவர்கள் என்று ஏராளமான பெண்களும் சிறுமிகளும் இருந்தார்கள். ஆனால் திட்டத்துக்குள் நுழைய ஆயுதம் காட்ட வேண்டும். அதைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லும் சோதனையும் இருந்தது. சமைத்தவளிடம் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவளிடமிருந்து தளபதி அதை வாங்கி வேறொருவனுக்குக் கொடுத்திருக்கலாம். முகாமில் பெயர் பதியாவிட்டால் பணமில்லை, தொழிற்பயிற்சியில்லை, பிரிந்து போக வழியுமில்லை. அந்தத் தளபதியுடனேயே இருக்க வேண்டியதுதான்.

இத்தோடு நிறுத்தினால் மாணவர்கள் 'அப்படியானால் விதியைத் தளர்த்திவிடலாம்' என்று சுலபமாக முடித்துவிடுவார்கள். உடனே பக்கத்து நாடான லைபீரியாவைக் காட்டுங்கள். 2003 இறுதியில் தொடங்கிய திட்டத்தில், படைகளோடு இருந்த பெண்களும் சிறுவர்களும் ஆயுதம் இல்லாமலேயே சேரலாம் என்று அனுமதித்தார்கள். ஆண்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோட்டா கொடுத்தால் போதும் என்றானது. சுமார் 38,000 பேரை எதிர்பார்த்த இடத்தில் 1,03,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெண்கள் மட்டும் 22,000க்கு மேல். சேகரித்த துப்பாக்கிகளோ 28,000 சொச்சம். போராளியே அல்லாத பலர் உள்ளே புகுந்துவிட்டார்கள், போராளிகளை மறுபடி ஊர் வாழ்வில் சேர்க்க வைத்திருந்த பணத்தில் துண்டு விழுந்தது. இப்போது கேளுங்கள்: விதியை இறுக்கினால் பெண்கள் வெளியே நிற்கிறார்கள், தளர்த்தினால் பணம் போதவில்லை, நீங்கள் எந்த விதியை எழுதுவீர்கள்? இங்கிருந்துதான் படிப்பு தொடங்குகிறது. ஆயுதத்துக்குப் பதிலாக உடனிருந்தவர்களின் சாட்சியம், பெண்களுக்குத் தனிப் பதிவு நாள், தளபதியின் பட்டியலை மட்டும் நம்பாமல் இன்னொரு வழியில் சரிபார்ப்பது, உதவித்தொகையை இரண்டு படியாகப் பிரிப்பது என்று யோசனைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 'இதை யார் ஏமாற்றுவார், எப்படி ஏமாற்றுவார்?' என்று எதிர்க்கேள்வி போடுங்கள். செமஸ்டர் முழுக்க இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

1325ஐ வாசிக்கும் விதம்

பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றி ஐ.நா. பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய தீர்மானம் 1325 இந்தத் துறையின் அடித்தள ஆவணம். நான்கு பக்க அளவுதான். ஆனாலும் பல பாடத்திட்டங்களில் அதைப் பற்றிய கட்டுரைகள் இருக்கும், தீர்மானம் இருக்காது. வகுப்பிலேயே வாசித்துவிடுங்கள். செயல்பாட்டுப் பத்திகள் 18. மாணவர்கள் கையில் இரண்டு நிறப் பேனா. ஒரு நிறத்தில் வினைச்சொற்களை அடிக்கோடிடட்டும்: வலியுறுத்துகிறது, கோருகிறது, ஊக்குவிக்கிறது. தவறினால் தண்டனை என்று எங்குமே இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இன்னொரு நிறத்தில், பெண் முடிவெடுப்பவராக வரும் இடங்களையும் பாதுகாக்கப்பட வேண்டியவராக வரும் இடங்களையும் வேறு வேறு குறியிட்டு எண்ணட்டும். 13ஆம் பத்திக்கு வரும்போது சியரா லியோன் நினைவுக்கு வர வேண்டும்: முன்னாள் போராளிகளில் ஆண், பெண் இருவரின் வெவ்வேறு தேவைகளையும் ஆயுதக் களைவுத் திட்டமிடுவோர் கருத்தில் கொள்ளுமாறு அது சொல்கிறது. 'கருத்தில் கொள்ளுமாறு' என்பதை வைத்தே ஒரு மணி நேரம் விவாதிக்கலாம்.

பின்னால் வந்த தீர்மானங்களை வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். போரில் பாலியல் வன்முறையை ஓர் உத்தியாகவே அடையாளம் கண்ட 1820 (2008), இளைஞர்களைப் பற்றிய 2250 (2015) இரண்டும் போதும். 1325ஐ நடைமுறைப்படுத்த நாடுகள் வகுத்த தேசியச் செயல்திட்டங்கள் 100க்கு மேல் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து மூன்றே விஷயங்களைத் தேடச் சொல்லுங்கள்: ஒதுக்கிய தொகை, பொறுப்பான துறை, முடிக்க வேண்டிய தேதி. மூன்றும் இருக்கும் திட்டத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அன்றே தெரிந்துவிடும்.

நாற்காலி எங்கிருந்து வருகிறது

மூன்று வாரம் இதற்கே ஒதுக்கலாம், ஏனென்றால் எடுத்துக்காட்டுகள் இங்கேதான் வளமாக இருக்கின்றன.

வட அயர்லாந்தில் அமைதிப் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்த 1996 மே 30 தேர்தலில் மகளிர் கூட்டணி பெற்றது 7,731 வாக்குகள், ஏறத்தாழ 1 சதவீதம். கட்சி தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் முதல் பத்து இடங்களுக்குள் வரும் கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் என்பது அந்தத் தேர்தலின் விதி. சிறிய ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய கட்சிகளைப் பேச்சுக்குள் கொண்டுவருவதற்காக வைத்த விதி அது. பெண்களை மனதில் வைத்து எழுதியது அல்ல. இவர்கள் அந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள். 1998 ஏப்ரல் 10 அமைதி ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டோர் பற்றிய பகுதியும், இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளும், கலந்து வாழும் குடியிருப்புகளும், குடிமக்கள் மன்றமும் இடம்பெற்றதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மன்றம் 2002இல் முடங்கியதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ஏறிவிட்டாலே காரியம் ஆகிவிட்டது என்று மாணவர்கள் நினைக்கக்கூடாது.

2000இல் ஜிபூட்டியின் ஆர்ட்டா நகரில் நடந்த சோமாலிய மாநாட்டில் கதையே வேறு. அங்கே இடங்கள் குலவாரியாகப் பிரிக்கப்பட்டன: நான்கு பெரிய குலங்கள், ஐந்தாவதாகச் சிறுபான்மையினர். பெண் எந்தக் குலத்தின் ஆள்? பிறந்த வீட்டார் அவளைக் கணவன் குலத்தோடும், புகுந்த வீட்டார் அப்பன் குலத்தோடும் சேர்த்துப் பார்த்தார்கள்; இரு பக்கமும் நாற்காலி இல்லை. சோமாலியப் பெண் செயற்பாட்டாளர் ஆஷா ஹாஜி எல்மியும் மற்றவர்களும் 'நாங்கள் ஆறாவது குலம்' என்று அறிவித்தார்கள். 245 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் 25 இடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. குலவாரி முறையை அவர்கள் எதிர்க்கவில்லை, அதன் மொழியிலேயே பேசி உள்ளே வந்தார்கள். அது வெற்றியா சமரசமா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட வையுங்கள்.

அடுத்தது, மேசைக்குப் பக்கத்தில் போடும் துணைமேசை. இலங்கையில் 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் நார்வே அனுசரணையுடன் பாலினப் பிரச்சினைகளுக்கான துணைக்குழு அமைந்தது. அரசுத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் அந்தக் குழுவும் நின்றுபோனது. முதன்மை மேசை எழுந்தால் துணைமேசையும் எழும். கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் (FARC) கிளர்ச்சிப் படைக்கும் நடந்த பேச்சில், 2014 செப்டம்பரில் கியூபாவின் ஹவானாவில் அமைத்த பாலினத் துணைக்குழுவுக்கோ, ஒப்பந்த வரைவுகளைப் பத்தி பத்தியாகப் பார்க்கும் வேலை கிடைத்தது. வரைவின் மேல் கை வைக்கும் அதிகாரம் இருந்ததா இல்லையா என்பதை வைத்தே இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம். அந்த ஒப்பந்தத்தின் மீதான 2016 அக்டோபர் 2 பொதுவாக்கெடுப்பில் 50.2 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றதும், அந்தப் பரப்புரையில் 'பாலினச் சித்தாந்தம்' குடும்பத்தைக் குலைக்கும் என்ற பயமுறுத்தல் ஓர் ஆயுதமானதும் கட்டாயம் பாடத்தில் வர வேண்டும். பாலினப் பகுதிகள் திருத்தி எழுதப்பட்ட பிறகே நவம்பரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 578 உறுதிமொழிகளில் பாலினம் சார்ந்தவை என்று கண்காணிப்பாளர்கள் வகைப்படுத்தியவை 130. அவை மற்றவற்றைவிட மெதுவாகவே நிறைவேறுகின்றன.

நேரடி இடம், பார்வையாளர் தகுதி, கலந்தாய்வு, ஆணையங்கள், அதிகாரத்துக்கு நெருக்கமானவர்களின் பட்டறைகள், பொதுவாக்கெடுப்பு, தெருப் போராட்டம் என்று உள்ளே வரும் வழிகளை ஆய்வாளர்கள் ஏழாகப் பிரிப்பார்கள். இந்த ஏழையும் முதலிலேயே பட்டியலாகத் தராதீர்கள். மேலே சொன்ன நிகழ்வுகளோடு, 2003இல் கானாவின் அக்ராவில் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்த லைபீரியப் பெண்களையும் சேர்த்து, மாணவர்களையே வகைப்படுத்தச் சொல்லிவிட்டுப் பிறகு பட்டியலைக் காட்டுங்கள்.

எண்கள், ஆண்கள்

'பெண்கள் பங்கேற்றால் ஒப்பந்தம் 15 ஆண்டு நிலைக்கும் வாய்ப்பு 35 சதவீதம் கூடும்.' இந்த வரியை ஏதாவது ஒரு மாணவர் நான்காம் வாரத்துக்குள் எங்கிருந்தாவது எடுத்து வருவார். நல்ல சந்தர்ப்பம், விடாதீர்கள். அது ஒரு புள்ளியியல் ஆய்வின் மதிப்பீடு. சுவரொட்டிகளில் ஏறும்போது இயற்கை விதி போல ஆகிவிட்டது. பெண்களை உள்ளே விடும் அளவுக்கு இளகிய தரப்புகள் எப்படியும் ஒப்பந்தத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடும் அல்லவா? எது காரணம், எது உடன்நிகழ்வு? 40 பேச்சுவார்த்தைகளை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு, எத்தனை பெண்கள் உட்கார்ந்தார்கள் என்பதைவிட முடிவில் அவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்பதே முக்கியம் என்று காட்டியது. 1992–2019 காலத்தில் பெரிய பேச்சுவார்த்தைகளில் பெண்கள் சராசரியாகப் பேச்சுவார்த்தையாளர்களில் 13 சதவீதம், மத்தியஸ்தர்களில் 6, கையொப்பமிட்டவர்களில் 6. தரவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது துணிந்து முடிவு சொல்வது கடினம் என்பதையும் மாணவர் உணர வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் அமைதி ஒப்பந்தத் தரவுத்தளம் இலவசம். 1990க்குப் பிறகான ஒப்பந்தங்களின் மூலப்பாடம் அதில் உண்டு, பாலினக் குறிப்புகளைத் தனியாகத் தேடவும் முடியும். ஆளுக்கு மூன்று ஒப்பந்தம் கொடுத்து எண்ண விடுங்கள்.

பங்கேற்பு என்பது நாற்காலிக் கணக்கில் முடிவதில்லை என்பதற்கு, 1994 ருவாண்டா இனப்படுகொலைக்காக ஓர் ஊர்த் தலைவர் மீது நடந்த அக்கயேசு வழக்கைப் போல இன்னொன்று கிடைக்காது. ருவாண்டாவுக்கான ஐ.நா. தீர்ப்பாயத்தில் விசாரணை 1997 ஜனவரியில் தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறையே இல்லை. சாட்சி ஒருவர் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கையில் தன் மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. இதைப் பற்றிக் கேள்விகள் கேட்கப்பட்டன, மேலும் சாட்சியங்கள் வந்தன, ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் செயலாக முடியும் என்று முதன்முறையாகச் சொன்னது. 'பெண் நீதிபதி இருந்ததால்தான்' என்று மாணவர்கள் பாய்வார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பெண்கள் அமைப்புகளும் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன என்பதைச் சேர்த்து, எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்று கேளுங்கள்.

பாலினம் என்றாலே பெண் என்று படித்தால் பாதிப் பாடம் போய்விடும். வகுப்பில் ஆண்கள் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள். 1995 ஜூலையில் போஸ்னியப் போரின்போது ஸ்ரெப்ரெனிட்சா நகரில் பெண்களையும் குழந்தைகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்து சுமார் 8,000 பேரைக் கொன்றார்கள். 'பெண்களும் குழந்தைகளும் பொதுமக்கள், வயது வந்த ஆண் போராளி' என்ற கணக்கு உயிர்களைப் பிரிக்கும் கோடாகிவிட்டது. கட்டாய ஆள்சேர்ப்பு, தடுப்புக்காவலில் ஆண்கள் மீதான பாலியல் வதை, இரு பக்கத்து ஆயுதக்காரர்களிடமும் மாட்டிக்கொள்ளும் திருநர்கள் ஆகியோருக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். கடைசி வாரத்தில் 'பிற' என்று தள்ளிவைக்க வேண்டாம். ஐந்தாம் வாரத்துக்குள் வந்துவிடட்டும்.

பாவனைப் பேச்சுவார்த்தை

மாணவர்களே தரப்புகளாகப் பாத்திரமேற்றுப் பேசிப் பார்க்கும் பயிற்சி இது. இதற்கு மூன்று வகுப்பு. முதலாவதில் கற்பனை நாடொன்றின் இரண்டு பக்கக் குறிப்பும் ரகசியப் பாத்திர அட்டைகளும். உண்மையான போரை எடுக்காதீர்கள். வகுப்பில் அதன் உறவினர் இருக்கலாம். அரசு 5, ஆயுதக் குழு 5, மத்தியஸ்தர் 3, மகளிர் கூட்டமைப்பு 4, இடம்பெயர்ந்தோர் 4, உள்ளூராட்சி 3, நிதி தரும் நாடுகள் 2, பதிவாளர்கள் 4. பாத்திரத்தைக் குலுக்கலில்தான் கொடுக்க வேண்டும். விட்டால் மகளிர் கூட்டமைப்பில் மாணவிகளும் ஆயுதக் குழுவில் மாணவர்களும் போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

மகளிர் கூட்டமைப்பின் நான்கு அட்டைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட வேண்டும். ஒருவர் குற்றவாளிகளுக்கு விசாரணை கேட்கிறார். இன்னொருவரின் மகன் ஆயுதக் குழுவில் இருக்கிறான், அவருக்குப் பொதுமன்னிப்பு வேண்டும். மூன்றாமவர் விதவை, நிலம் இறந்த கணவர் பெயரில் இருக்கிறது. நான்காமவர் ஆளுங்கட்சிக்காரர். அட்டைகளை இப்படி எழுதாவிட்டால் அந்தக் குழு ஒரே குரலில் 'அமைதி வேண்டும்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பாவனை கெட்டுப்போவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாம் வகுப்பில் 40 நிமிடச் சுற்று இரண்டு. முதல் சுற்றில் மேசையில் அரசு, ஆயுதக் குழு, மத்தியஸ்தர் மட்டும். மற்றவர்கள் வெளியே நிற்பார்கள், மத்தியஸ்தருக்குத் துண்டுச்சீட்டு அனுப்பலாம். பேச வேண்டியவை மூன்று: போர்நிறுத்தக் கண்காணிப்பு, போராளிகள் பதிவு, நிலம் திரும்பக் கொடுத்தல். இரண்டாம் சுற்றில் அட்டைகள் அதேதான், விதி மட்டும் மாறும். ஏழு வழிகளில் எதையாவது கேட்டு வெளியே நிற்பவர்கள் உள்ளே வரலாம். பதிவாளர்கள் யார் எத்தனை நொடி பேசினார், யாருடைய முன்மொழிவு எழுத்தில் ஏறியது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரும்பச் சொல்லித் தன்னுடையதாக்கினாரா என்று தாளில் மூன்று நிரல் போட்டுக் குறிப்பார்கள். இரண்டாம் சுற்றில் மகளிர் கூட்டமைப்பு பேசிய நேரம் கூடியும் ஒப்பந்த வரிகள் மாறாமல் இருப்பது அடிக்கடி நடக்கும். இருப்புக்கும் செல்வாக்குக்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் தங்கள் தாளிலேயே பார்த்துவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்பு முழுவதும் பின்னாய்வு. முதலில் பாத்திரத்தைக் கழற்றிவைக்க 5 நிமிடம், அடுத்து பதிவாளர்களின் தாள், அதற்குப் பிறகுதான் 'எப்படி உணர்ந்தீர்கள்?' வரிசையை மாற்றினால் வகுப்பு உணர்ச்சியிலேயே நின்றுவிடும். நேரமில்லை என்று பின்னாய்வைச் சுருக்குவதைவிடப் பாவனையையே விட்டுவிடுவது மேல்.

வகுப்பறைப் பாதுகாப்பு, மதிப்பெண்

போரிலோ வீட்டிலோ வன்முறையைக் கண்டவர்கள் 30 பேரில் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சியூட்டும் காணொளி வேண்டாம். தீர்ப்பின் சுருக்கம் போதும். எந்த வாரம் எது வரும் என்பதைப் பாடத்திட்டத்திலேயே அச்சிடுங்கள், காரணம் கேட்காமல் மாற்றுப் பணி கொடுங்கள். 'உங்கள் ஊரில் நடந்ததுதானே, நீங்களே சொல்லுங்கள்' என்று ஒருவரை எழுப்பி நிறுத்துவது கூடவே கூடாது. மாணவர் தனியே வந்து ஏதாவது சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிலவற்றை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கல்லூரி விதியில் இருக்கலாம். அதைச் செமஸ்டர் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

'அமைதியில் பெண்களின் பங்கு' என்று கட்டுரை கேட்டால் முதல் வாரத்து வாக்கியங்களே திரும்பி வரும். 40 மதிப்பெண்ணை ஒரு பிரிவுத் திருத்தத்துக்கு வையுங்கள்: உண்மையான ஒப்பந்தத்திலிருந்து ஒரே ஒரு பிரிவு, அது யாரை வெளியே தள்ளுகிறது, திருத்திய வரி, அந்தத் திருத்தத்துக்கு ஆகும் செலவு, அதை யார் எதிர்ப்பார் என்று 800 சொற்களில். முதல் வரைவுக்கு மதிப்பெண் கிடையாது, குறிப்பு மட்டும். மதிப்பெண் இரண்டாம் வரைவுக்கு. ஒரு மோதலின் தரப்பினர் வரைபடத்துக்கு 25, பாவனைக்குப் பின் எழுதும் பகுப்பாய்வுக்கு 20, ஒப்பந்த எண்ணிக்கைப் பணிக்கு 15. பாவனையில் யார் நன்றாகப் பேசினார் என்பதற்கு மதிப்பெண் போட்டால் வாய் உள்ளவர்கள் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள்.

செமஸ்டர் கிடைக்காமல் மூன்று மணி நேரச் சிறப்பு வகுப்புதான் வாய்த்தது என்றால் 1325ஐயும் பாவனையையும் விட்டுவிடுங்கள். கரும்பலகையில் அந்தத் துப்பாக்கி வாக்கியம், சியரா லியோன், லைபீரியா, பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரித்து விதியைத் திருத்தி எழுதவும் மற்றக் குழுக்கள் அதை ஏமாற்றிக் காட்டவும் ஒரு மணி நேரம்.